ஜின்டிவிக்குக்கு முன் பீக்கா: ஆளில்லா இலக்கு விமானத்துக்கு விமானி எதற்கு?

நெடுவானன் (கேள்வி):

வணக்கம். ஏவுகணைச் சோதனைகளில் இலக்காகப் பறக்கும் ஆளில்லா விமானமான ஆஸ்திரேலியாவின் ஜின்டிவிக்கைப் பற்றிக் கல்லூரி செமினாருக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். அது பறக்கக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் முன்பே பீக்கா என்ற விமானம் பறந்திருக்கிறது. பார்க்க அதே உருவம்தான், ஆனால் உள்ளே விமானி. சுட்டு வீழ்த்துவதற்காகவே செய்யப்படும் ஒன்றுக்கு, ஆள் உட்காரும் பதிப்பைத் தனியாக ஏன் கட்டினார்கள்? ஆள் தேவையில்லை என்பதுதானே அதன் வசதியே?

இரண்டு விமானங்களுக்கும் வித்தியாசம் என்ன, பீக்காவில் கற்றது ஜின்டிவிக்குக்கு எந்த அளவு பொருந்தியது? விமானியின் கையிலிருந்து ரேடியோவுக்குக் கட்டுப்பாட்டை எந்த வரிசையில் மாற்றுவார்கள்? நம் இந்திய இலக்கு விமானமான லக்ஷ்யாவுக்கு இப்படி ஒன்று ஏன் இல்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வால்சிறகு:

தம்பி, "சுட்டு வீழ்த்துவதற்காகவே" என்பதை முதலில் திருத்திக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகவே விளங்கும். ஜின்டிவிக் ஏவுகணைக்குத் தப்பித் திரும்பி, மறுபடி பறக்க வேண்டிய விமானம். பல சோதனைகளில் ஏவுகணையின் தலையில் வெடிமருந்து இருக்காது, அளவுக்கருவிகள்தான் இருக்கும். இலக்கின் இறக்கை நுனிக் கூடுகளில் கேமராக்கள் உட்கார்ந்து, ஏவுகணை எவ்வளவு நெருக்கமாக, எந்தக் கோணத்தில் கடந்தது என்பதைப் படமெடுக்கும். அந்தப் படச்சுருள் பத்திரமாகத் தரைக்கு வந்தால்தான் சோதனைக்கே அர்த்தம். எனவே ஓடுபாதையிலிருந்து கிளம்பி, ஓடுபாதையிலேயே இறங்கும் விமானம் தேவைப்பட்டது. ஒருமுறை மேலே போய் விழுந்துவிடும் பொருளுக்கு யாரும் விமானி வைத்து மாதிரி கட்டமாட்டார்கள்.

பின்னணி இதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து தென் ஆஸ்திரேலியாவின் வூமராவில் ஏவுகணைத் தளம் அமைத்தன. அதற்கு வேகமான, உயரத்தில் பறக்கும் ஜெட் இலக்கு வேண்டும் என்று பிரிட்டன் இ.7/48 என்ற தேவைக் குறிப்பை வெளியிட்டது. மெல்பர்ன் ஃபிஷர்மென்ஸ் பெண்டில் இருந்த அரசு விமானத் தொழிற்சாலை வடிவமைப்பை எடுத்துக்கொண்டது. பீக்கா இரண்டு மட்டுமே கட்டப்பட்டன, ஏ93-1, ஏ93-2. முதல் பறப்பு வூமராவில் 1950 அக்டோபர் 31. ஜின்டிவிக் பறந்தது 1952 ஆகஸ்ட் 28.

ஏன் என்பதற்கு என் பதில்: புது உடல், புது ஆட்டோபைலட், புது ரேடியோ இணைப்பு என மூன்றையும் ஒரே நாளில் முதல்முறையாகப் பறக்கவிட்டால், விழுந்த பிறகு எது தவறு என்று கண்டுபிடிக்க முடியாது. மூக்கு மேலேறிக்கொண்டே போய் ஸ்டால் ஆனது, அதாவது இறக்கை தூக்குவிசையை இழந்தது என்று வையுங்கள். எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) அசைக்கும் சர்வோ மோட்டார் மாட்டிக்கொண்டதா, சாய்வை அறியும் கைரோ கருவி பிசகியதா, கட்டளை தவறாகப் போனதா, இல்லை விமானத்துக்கே நிலைத்தன்மை போதவில்லையா? 1950-ல் டெலிமெட்ரி (விமானத்திலிருந்து ரேடியோவில் வரும் அளவீடுகள்) வழியாகக் கிடைத்த தகவல் மிகச் சொற்பம். உள்ளே ஒருவர் இருந்தால் "கட்டுப்பாட்டுக் குச்சி இலகுவாகிவிட்டது", "வலது இறக்கை கனக்கிறது" என்று சொல்வார், விமானத்தையும் திருப்பிக் கொண்டுவருவார். பீக்கா உடலை நிரூபித்தது. பிறகு அதே உடலில் கருவிகளை ஏற்றிச் சரிபார்க்க இடம் கொடுத்தது. தெரியாதவற்றை ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் அதன் வேலை.

---

ஓடுபாதை_09:

வால்சிறகு சொன்னது சரி. ஆனால் பீக்காவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அது நிரூபிக்காததைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வித்தியாசத்தைக் கேட்டீர்களே, அங்கேதான் விஷயம்.

ஜின்டிவிக்கின் காற்றுவாய் முதுகின் மேல் இருக்கிறது. பீக்காவில் அந்த இடத்தில் விமானியின் அறை. ஆகவே காற்றுவாயை இரண்டாகப் பிரித்துப் பக்கவாட்டில் வைத்தார்கள். அதே எஞ்சின்தான், ஆனால் காற்று வரும் வழி வேறு. முதுகில் வாய் வைத்தால், மூக்கைத் தூக்கும்போது உடலின் மேற்புறத்தில் தடித்து மந்தமாகிப்போன காற்றை எஞ்சின் விழுங்க நேரும். உந்துவிசை குறையும், சில வேளை எஞ்சினில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் திணறும். பக்கவாட்டு வாயில் இந்தப் பிரச்சினை அந்த அளவுக்கு வராது. எனவே ஸ்டாலுக்குப் பக்கத்தில் எஞ்சின் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குப் பீக்காவின் பதிவுகளை அப்படியே ஜின்டிவிக்குக்கு எடுத்துப் போட முடியாது. தரை ஓட்டத்தில் அள்ளும் கல்லும் தூசியும்கூட இரண்டுக்கும் ஒன்றாக இருக்காது. முதுகு வாய் அந்த விஷயத்தில் உண்மையிலேயே பாதுகாப்பானது.

அடுத்தது சக்கரங்கள். பீக்காவுக்கு உள்ளிழுக்கும் சக்கரங்கள் உண்டு. ஜின்டிவிக்குக்குச் சக்கரமே இல்லை. மூன்று சக்கரத் தள்ளுவண்டியில் உட்கார்ந்து ஓடும். பறக்கும் வேகம் வந்ததும் விமானம் மேலே போக, வண்டி தரையில் தங்கிப் பிரேக் போட்டு நிற்கும். இறங்குவது வயிற்றின் அடியிலிருந்து நீளும் ஸ்கிட் என்ற சறுக்குக் கட்டை மேல். எடை மிச்சம், இடம் மிச்சம், சக்கரத்தை மடக்கும் ஹைட்ராலிக் குழாய்கள் மிச்சம். ஆனால் வண்டியிலிருந்து பிரியும் அந்தச் சில நொடிகளையும், ஒற்றை ஸ்கிட்டில் சாயாமல் தரையிறங்குவதையும் பீக்காவில் ஒத்திகை பார்க்கவே முடியாது. ஆளில்லா விமானத்துக்கு அதிகம் ஆபத்தான இரண்டு தருணங்களும் இவைதான். அவற்றைத்தான் ஆளோட்டிய மாதிரி விட்டுவைத்தது.

மூன்றாவது ஈர்ப்பு மையம். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பாருங்கள் (இது பீக்காவின் நிஜ எண் இல்லை): மொத்த எடை 1,300 கிலோ, விமானி, இருக்கை, பாராசூட் சேர்த்து 100 கிலோ, அது ஈர்ப்பு மையத்துக்கு 1.5 மீட்டர் முன்னால். அதை எடுத்துவிட்டால் ஈர்ப்பு மையம் 150 ÷ 1,200 = 0.125 மீட்டர் பின்னால் போகும். இறக்கையின் சராசரி அகலம் 1.1 மீட்டர் என்றால் அது 11 சதவீதம். நிலைத்தன்மைக்கு வைத்திருந்த இருப்பு 10 சதவீதம்தான் என்றால், ஆளை இறக்கிய மறுகணமே விமானம் பறக்க லாயக்கற்றதாகிவிட்டது. அதனால் விமானியின் இடத்தில் கருவிப்பெட்டியையோ ஈயத்தையோ வைத்துச் சரிசெய்வார்கள். எடையை மட்டும் ஈடுசெய்து, இடத்தைக் கவனிக்காமல் விட்டால் பயனில்லை.

---

நெடுவானன்:

மிக்க நன்றி சார். அப்படியானால் வானத்தில் பறப்பதைப் பீக்கா சோதித்தது, ஏற்றமும் இறக்கமும் ஜின்டிவிக் வந்த பிறகுதான் என்று எடுத்துக்கொள்ளலாமா? இன்னொன்று: விமானி உள்ளே இருக்கும்போது ரேடியோ எப்படி ஓட்டும்? இரண்டு பேரும் ஒரே எலிவேட்டரை இழுத்தால்?

---

கைரோ:

உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், நீளமாகப் போகும். எந்தவொரு விமானத்தின் திட்டத்தையும் நான் சொல்லவில்லை. இந்த வகைச் சோதனையில் பொதுவாக எந்த ஒழுங்கில் போகிறார்கள் என்பது இது.

ஒரே எலிவேட்டரை இருவர் இழுத்தால் கட்டாயம் விமானி ஜெயிக்க வேண்டும். அதற்கு இரண்டு ஏற்பாடு. சர்வோவுக்கும் எலிவேட்டரை இழுக்கும் கம்பிக்கும் நடுவே வழுக்கும் கிளட்ச். குறிப்பிட்ட விசைக்கு மேல் விமானி இழுத்தால் அது வழுக்கிவிடும். அதோடு குச்சியின் மேலேயே துண்டிப்புப் பொத்தான். மின்சாரம் போனால் கிளட்ச் தானாகப் பிரியும்படி அமைப்பது முக்கியம், மின்சாரம் இருந்தால்தான் பிரியும் என்று அமைத்தால் பேட்டரி செத்த அன்று விமானி மாட்டிக்கொள்வார். வழுக்கும் விசையைத் தரையில் ஸ்பிரிங் தராசு வைத்து அளந்து, ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் சரிபார்க்க வேண்டும். எண்ணெய் பட்டால் சீக்கிரமே வழுக்கும், துரு ஏறினால் வழுக்காது. இரண்டுமே ஆபத்து.

சர்வோ ஒரு பக்கம் முழுவதும் போய் நின்றுவிட்டால் விமானி உணர்ந்து, முடிவெடுத்து, துண்டிக்க 2 முதல் 3 நொடி ஆகும் என்று கணக்கு வைப்பார்கள். நொடிக்கு 150 மீட்டர் வேகத்தில் 3 நொடி என்றால் 450 மீட்டர் போயாகிவிட்டது, அதுவும் மூக்கு கீழே பார்த்தபடி. ஆகவே ஆரம்பத்தில் சர்வோவின் வீச்சைத் திருகு நிறுத்திகளால் மிகச் சிறிதாகக் கட்டுப்படுத்தி, போதுமான உயரத்தில் மட்டும்தான் ஆட்டோபைலட்டைப் போடுவார்கள். பறக்கப் பறக்க வீச்சைக் கூட்டுவார்கள், உயர வரம்பைக் குறைப்பார்கள்.

வரிசை இப்படி: முதலில் விமானி மட்டும் ஓட்டி விமானத்தின் குணத்தை அளப்பார். எலிவேட்டரைச் சட்டென்று தட்டிவிட்டு மூக்கின் ஆட்டம் எத்தனை சுற்றில் அடங்குகிறது, கையை எடுத்தால் நீண்ட அலை போல ஏறி இறங்குவது எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று பார்ப்பார். அந்த நீண்ட அலையின் காலம் நொடிகளில் ஏறத்தாழ 0.45 பெருக்கல் வேகம். நொடிக்கு 150 மீட்டரில் 68 நொடி, இறங்கும் வேகமான 65 மீட்டரில் 29 நொடி. இதை விமானி தன்னையறியாமல் அடக்கிவிடுவார். ரிப்போர்ட்டில் "பிரச்சினை இல்லை" என்றுதான் எழுதுவார்! அதனால்தான் கையை எடுத்துவிட்டுப் பதிவுக்கருவியை நம்ப வேண்டும். ஆட்டோபைலட்டுக்குத் தேவைப்படுவது அந்த எண்தான்.

பிறகு ஆட்டோபைலட், விமானி கையைக் குச்சிக்கு அருகில் வைத்தபடி. ஒரு சமயம் ஒரு அச்சு மட்டும். முதலில் சாய்வு, அப்புறம் மூக்கு. அதற்கும் பிறகுதான் ரேடியோ. அந்தக் காலத்து ரேடியோ குச்சியின் அசைவைத் தொடர்ச்சியாக அனுப்பவில்லை. ஏறு, இறங்கு, நேராகப் போ, இடப்பக்கம் திரும்பு என்று தனித்தனிக் கட்டளைகள் ஆட்டோபைலட்டுக்குப் போகும். பறப்பதை ஆட்டோபைலட்தான் செய்யும். இது பலவீனம் போலத் தெரிந்தாலும் நல்லதே: இணைப்பு அரை நொடி அறுந்தாலும் விமானம் கடைசியாகச் சொன்னதைச் செய்துகொண்டிருக்கும்.

அடுத்து வேண்டுமென்றே இணைப்பை அறுப்பது. தரை நிலையத்தின் அலைபரப்பியை அணைத்துவிட்டு, எத்தனை நொடியில் விமானம் "ஆள் இல்லை" என்று உணர்கிறது, உணர்ந்து இறக்கையை நேராக்குகிறதா என்று பார்க்க வேண்டும். திருப்பத்தின் நடுவில் அணைத்துப் பார்க்காமல் விடக் கூடாது. சாய்ந்து திரும்பும்போது உடலே ஏரியலை (ரேடியோ ஆன்டெனா) மறைக்கும். ஏரியல் வயிற்றில் மட்டும் இருந்தால் தரை நிலையத்தின் பக்கம் சாயும் ஒவ்வொரு திருப்பத்திலும் இணைப்பு தடுமாறும், மேலும் கீழும் இரண்டு வைத்தால் தீரும். ரேடியோ எட்டும் தூரத்தையும் மறந்துவிடாதீர்கள். ரேடியோ தொடுவானம் கிலோமீட்டரில் சுமார் 4.12 பெருக்கல் உயரத்தின் வர்க்கமூலம், உயரம் மீட்டரில். 150 மீட்டர் உயரத்தில் 50 கிலோமீட்டர்தான் எட்டும். நடுவில் குன்று இருந்தால் அதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. உயரம் ஏற ஏற ஆட்டோபைலட்டின் அமைப்பு மாற வேண்டும். 15 கிலோமீட்டரில் காற்றடர்த்தி தரைமட்டத்தில் ஆறில் ஒரு பங்குதான். வால் அசைவை அடக்கும் இயல்பான தணிப்பும் அதோடு குறைகிறது. கீழே அருமையாகப் பறந்த அதே அமைப்பு மேலே பாம்பு போல நெளியும்.

---

தாம்பரம்_மேற்கு:

பீக்காதான் முதல் என்று செமினாரில் சொல்லிவிடாதீர்கள். கேள்வி கேட்பவர் கொஞ்சம் படித்தவராக இருந்தால் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

பிரிட்டனில் ஃபேரி குவீன் என்று மூன்று விமானங்களை, ஃபேரி 3எஃப் வகையிலிருந்து மாற்றி, கப்பல் கவணிலிருந்து ஏவினார்கள். முதல் இரண்டும் ஏவிய உடனே கடலில் விழுந்தன. மூன்றாவது 1932 செப்டம்பரில் பறந்தது. 1933 தொடக்கத்தில் கடற்படைக் கப்பல்கள் மணிக்கணக்கில் சுட்டும் தப்பியது. கடற்படைக்கு அது பெரிய தலைக்குனிவு, விமானத்துக்கு எதிரான பீரங்கிகள் எவ்வளவு பயனற்றவை என்று வெளிச்சமானது. அதன்பின் 1935-ல் டி ஹாவிலண்ட் குவீன் பீ: டைகர் மாத்தின் இறக்கைகள், மாத் மேஜரின் மர உடல். முன் இருக்கையில் விமானி ஓட்டக்கூடிய சாதாரணக் கட்டுப்பாடுகள் அப்படியே இருந்தன, பின் இருக்கையின் இடத்தில் ரேடியோ கருவிகள். தரையில் இருந்தவர் டெலிபோன் போலச் சுழலும் எண்தட்டைச் சுற்றிக் கட்டளை அனுப்பினார்.

ஆகவே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒரே விமானம் ஆளோடும் ஆளில்லாமலும் பறப்பது. குவீன் பீ, அமெரிக்காவின் கல்வர் பிக்யூ-8, போருக்குப் பின் வந்த மீட்டியார் யு.15, யு.16 எல்லாம் இந்த வகை. தளத்துக்குக் கொண்டுபோகும்போது விமானி ஓட்டிக்கொண்டு போகலாம், கருவி பழுது பார்த்த பிறகும் விமானியை ஏற்றிச் சோதிக்கலாம். மற்றொன்று பீக்கா வழி: சோதனைக்கு ஆளோட்டும் விமானம், வேலைக்கு ஆளுக்கு இடமே இல்லாத விமானம். முதல் வழியில் அறை, கண்ணாடி, சக்கரம் எல்லாவற்றின் எடையையும் கடைசி வரை சுமக்க வேண்டும். ஜின்டிவிக்கின் உடலில் அறைக்கு இடம் ஒதுக்கியிருந்தால் அது அந்தச் சின்ன எஞ்சினில் அவ்வளவு உயரம் போயிருக்காது.

எஞ்சின் என்றதும் நம் பக்கத் தொடர்பு ஒன்று உண்டு. பீக்காவிலும் தொடக்க ஜின்டிவிக்குகளிலும் இருந்தது ஆர்ம்ஸ்ட்ராங் சிட்லி ஆடர், சுமார் 1,050 பவுண்டு உந்துவிசை. மாம்பா என்ற புரொப்பல்லர் சுழற்றும் எஞ்சினிலிருந்து (டர்போபிராப்) புரொப்பல்லர் பகுதியைக் கழற்றிவிட்டு ஜெட்டாக்கியது. அதன் வாரிசுதான் வைப்பர். ஜின்டிவிக்குக்காக வெறும் 10 மணி நேர ஆயுள் போதும் என்று வடிவமைத்தார்கள். எளிமையாக்க வேண்டும் என்று, பின் பேரிங்குகளுக்குப் போன எண்ணெயைத் திரும்பச் சேகரிக்காமல் வெளியே விட்டுவிடும் முறையை வைத்தார்கள். அந்த எஞ்சின் நன்றாக உழைத்ததால் ஆயுளைக் கூட்டி ஆளோட்டும் விமானங்களிலும் பொருத்தினார்கள். பிரிட்டனின் ஜெட் பிரோவோஸ்ட் பயிற்சி விமானம் ஒன்று. இந்தியாவின் எச்ஏஎல் கிரண் மார்க் 1 பயிற்சி விமானம் இன்னொன்று. தாம்பரத்தில் விமானப்படைப் பயிற்றுநர் பள்ளியின் மேல் வட்டமடித்த கிரண்களுக்குள் இருந்தது, இலக்கு விமானத்துக்காகப் பிறந்த எஞ்சினின் வழித்தோன்றல். விமானப்படையின் சூர்ய கிரண் சாகசக் குழு முன்பு ஓட்டிய கிரண்களை இதோடு குழப்ப வேண்டாம். அவை மார்க் 2, அவற்றில் இருந்தது ஆர்ஃபியஸ் எஞ்சின்.

---

வால்சிறகு:

ஃபேரி குவீன் நல்ல உதாரணம். அதை நான் முதல் பதிலிலேயே சொல்லியிருக்கலாம். விமானியோடு நன்றாகப் பறக்கும் விமானம்தான் 3எஃப். ஆனால் விமானி எப்போதும் சின்னச் சின்னத் திருத்தம் செய்துகொண்டிருப்பார், அவர் இல்லாமல் கவணிலிருந்து உதைத்து எறிந்தால் பக்கவாட்டு நிலைத்தன்மை போதவில்லை. இறக்கைகளின் மேல்நோக்கிய கோணத்தைக் கூட்டிய பிறகே தேறியது. கைரோ சொன்ன "பிரச்சினை இல்லை" ரிப்போர்ட்டின் ஆபத்து இதுவே.

லக்ஷ்யா பற்றி யாரும் எழுதவில்லையே?

---

ஓடுபாதை_09:

நான் சொல்கிறேன். லக்ஷ்யா பெங்களூருவில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடமான ஏடிஇ வடிவமைத்தது, 1985-ல் முதலில் பறந்தது. ஓடுபாதையே வேண்டாம்: ராக்கெட் பூஸ்டர் உதைத்து ஏவுதளத்திலிருந்து கிளப்பும், வேலை முடிந்ததும் பாராசூட்டில் இறங்கும். தரையில் இறங்கும்போது நொறுங்கும் மூக்குக் கூம்பு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அதை மட்டும் மாற்றிவிட்டு மீண்டும் ஏவலாம். ஏவுகணை குறிவைப்பதும் பெரும்பாலும் லக்ஷ்யாவை இல்லை, அது நீண்ட கம்பியில் இழுத்துச் செல்லும் சிறு இலக்கை. இந்த ஏற்பாட்டில் ஆளோட்டும் மாதிரி எதைக் கற்றுத்தரும்? பூஸ்டர் உதையையும் பாராசூட் இறக்கத்தையும் ஆளை வைத்துச் சோதிக்க முடியாது. அவ்வளவு சின்ன உடலில் ஆளுக்கு இடமும் இல்லை. 1980-களில் டெலிமெட்ரியும் காற்றுச்சுரங்கச் சோதனையும் எவ்வளவோ முன்னேறியிருந்தன.

இந்தியாவில் பீக்காவுக்கு ஓரளவு நெருக்கமானதைத் தேடினால் ருஸ்தம்-1 பக்கம் பாருங்கள். இலக்கு விமானம் கிடையாது, கண்காணிப்பு விமானம். அதன் வடிவம் என்ஏஎல்லின் (தேசிய விண்வெளி ஆய்வகம்) ஆளோட்டும் சிறு கனார்ட் (முன்பக்கம் சிற்றிறக்கை உள்ள) ஆராய்ச்சி விமானத்திலிருந்து வந்தது. அதாவது வானத்தில் அந்த உடல் எப்படி நடந்துகொள்ளும் என்பது ஏற்கெனவே தெரியும். ஆனால் 2009 நவம்பர் 16 அன்று ஓசூர் பக்கம் நடந்த முதல் பறப்பில் என்ன ஆயிற்று? தரை ஓட்டமும் ஏற்றமும் திட்டப்படி நடந்தன. இறங்கும்போது உயரத்தைத் தவறாகக் கணித்து, தரையிலிருந்து எஞ்சினை அணைத்துவிட்டார்கள்; உந்துவிசை இல்லாமல் விமானம் விழுந்தது. அடுத்த வருடம் அக்டோபரில் சரியாகப் பறந்தது. உடல் நிரூபிக்கப்பட்டிருந்தும் இறக்கத்தில்தான் உதைத்தது என்பதைக் கவனியுங்கள்.

வெளியிலிருந்து பார்த்து இறக்குபவருக்கு உயரம் கணிப்பது இயல்பாகவே கடினம். விமானத்தை வாலுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் திசை நன்றாகத் தெரியும், உயரமும் மூக்கின் கோணமும் தெரியாது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நேர்மாறு. ஜின்டிவிக்கில் இதற்காகவே வேலையைப் பிரித்தார்கள்: ஓடுபாதையின் நேர்க்கோட்டில் நின்று ஒருவர் திசையைப் பார்த்துக்கொள்ள, பக்கத்தில் நின்று இன்னொருவர் மூக்கையும் இறங்கும் வேகத்தையும் பார்த்துக்கொண்டார். தொலைவில் பறக்கும்போது ஓட்டுபவர் வேறு, அவர் கட்டுப்பாட்டு அறையில் திரைகளைப் பார்த்து ஓட்டுவார். ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாற்றும்போது யார் கையில் இருக்கிறது என்பதை இருவரும் வாய்விட்டு உறுதிசெய்யாவிட்டால் அந்த இடைவெளியிலேயே விமானம் போய்விடும்.

---

நெடுவானன்:

அருமை, எல்லோருக்கும் நன்றி. ஜின்டிவிக் மொத்தம் எத்தனை, எதுவரை பறந்தது என்பது மட்டும் தெரிந்தால் முடித்துவிடுவேன்.

---

தாம்பரம்_மேற்கு:

500-க்கும் மேல். வூமராவில் மட்டுமல்ல, வேல்ஸில் லான்பெட்ர் தளத்திலிருந்து கார்டிகன் வளைகுடா மேல் பல பத்தாண்டுகள் பறந்தது. ஸ்வீடனும் அமெரிக்கக் கடற்படையும் வாங்கின. 1986-ல் உற்பத்தி நின்று, பிரிட்டனுக்காக 1990-களின் பிற்பகுதியில் மறுபடி கொஞ்சம் கட்டினார்கள். லான்பெட்ர் 2004-ல் மூடப்பட்டது. பிந்தைய வகைகளில் வைப்பர் 2,500 பவுண்டு உந்துவிசை தந்தது, வேகம் மணிக்கு 900 கிலோமீட்டர் அளவு, உயரம் 17 கிலோமீட்டருக்கும் மேல். இந்த எண்களைப் பீக்காவின் எண்களோடு ஒரே அட்டவணையில் போடாதீர்கள். பீக்காவை 1952-ன் ஆடர் எஞ்சின் ஜின்டிவிக்கோடு ஒப்பிடுவதுதான் முறை.